நாலு கைத்துப்பாக்கி போதும்

டெக்ஸாஸில் கைத்துப்பாக்கி வாங்குவது சுலபம், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. மாநில அரசிடம் அனுமதி வாங்க வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம், இத்தனை நாள் காத்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உரிமம் பெற்ற கடைக்குப் போய், 21 வயது ஆனதற்கு அடையாள அட்டை காட்டி, 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் கடைக்காரர் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைக்குத் தகவலை அனுப்புவார். பெரும்பாலும் கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் பதில் வந்துவிடும். இந்தியாவில் இந்தக் கவலை கிடையாது, ஏனென்றால் ஆயுதச் சட்டமே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஒரு உரிமதாரருக்கு மூன்று என்று இருந்ததை 2019 திருத்தம் இரண்டாகக் குறைத்தது. இங்கே அந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும். போடாதவர்கள் வீட்டில் அது முப்பது, நாற்பது என்று போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஹூஸ்டன் பக்கம் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சுக்கு வருகிறார்கள். கிரீன் கார்டு வந்த கையோடு, "எதை வாங்கலாம்?" என்று கேட்பார்கள். வாங்கி ஒரு வருஷம் ஆவதற்குள் அதே ஆள் "அடுத்து எதை வாங்கலாம்?" என்பார். என் பதில் வெகுநாளாக மாறவில்லை. நாலு போதும், அதில் மூன்றுக்கு வேலை உண்டு, ஒன்று ஆசைக்கு.

நாலு என்பது ராசியான எண் என்பதற்காகச் சொல்லவில்லை. நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, வைத்திருக்கும் எல்லாவற்றிலும் கை பழகியிருக்கிறதா. சுடுகிற திறமை விட்டால் மங்கிவிடும், ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ட்ரிகர் வேறு, பிடி வேறு, சேஃப்டி இருக்கும் இடம் வேறு, சிலவற்றில் சேஃப்டியே இருக்காது. பத்து துப்பாக்கியில் மாற்றி மாற்றிச் சுடுகிறவருக்குப் பத்தும் அரைகுறையாகத்தான் வரும். இரண்டு, நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒவ்வொன்றும் எங்கே பூட்டியிருக்கிறது, குண்டு ஏற்றியிருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் சொல்ல முடிகிறதா. என்னால் நாலுக்குச் சொல்ல முடியும். அதற்கு மேல் போனால் எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

எதை வாங்குவது என்பதற்கு முன்னால் யார் வாங்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நம் ஆட்களுக்குக் குழப்பம் அதிகம். எச்1பி, எஃப்1 மாதிரி தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அதில் பலருக்கும் பொருந்துவது ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். "வேட்டைக்கே போகாதவனுக்கு எதற்கு வேட்டை உரிமம்?" என்று சிரிப்பார்கள், ஆனால் சட்டம் அப்படித்தான் எழுதியிருக்கிறது, அதனால்தான் சில ரேஞ்சுகளில் வாடகைத் துப்பாக்கி கேட்டால்கூட அந்த உரிமத்தைக் காட்டச் சொல்வார்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். விசாவில் இருக்கும் நண்பர், "நீ வாங்கிக் கொடு மச்சான், காசு நான் தருகிறேன்" என்பார். இது உதவி இல்லை, குற்றம். அந்தப் படிவத்தின் முதல் கேள்விகளில் ஒன்றே "இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா?" என்பதுதான். அடுத்தவருக்காக வாங்கிக் கொடுப்பதை 2022ல் வந்த சட்டம் தனிக் குற்றமாகவே ஆக்கி, 15 வருஷம் வரை சிறை என்று வைத்துவிட்டது. நட்பு முக்கியம்தான், அதற்காகக் கிரீன் கார்டைப் பணயம் வைக்க வேண்டுமா?

சரி, வாங்கத் தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வாங்க வேண்டியது துப்பாக்கி இல்லை, இரும்புப் பெட்டி. துப்பாக்கிக்கு முன்னாலேயே அது வீட்டுக்கு வந்து, தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்க வேண்டும். முடுக்காத பெட்டியைத் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். நம் வீடுகளில் கொலு, பொங்கல், பிறந்தநாள் என்று ஏதாவது ஒன்றுக்கு இருபது குடும்பம் வரும், பெரியவர்கள் கீழே சாம்பார் சாதத்தோடு உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் மாடியில் எந்த அறையில் எந்த அலமாரியைத் திறக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. துணி அலமாரியின் மேல்தட்டு, மெத்தைக்கு அடியில், பீரோவின் புடவை அடுக்கு, இதெல்லாம் ஒளிக்கிற இடமே இல்லை. டெக்ஸாஸ் சட்டப்படி, உடனே சுடக்கூடிய நிலையில் இருக்கும் துப்பாக்கியை 17 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை எடுக்கும்படி அலட்சியமாக வைப்பது குற்றம்.

பிள்ளைகள் மட்டும் காரணம் இல்லை. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருக்கிறார்கள் என்றால், அது நீங்களாகவே இருந்தாலும், துப்பாக்கி அந்தச் சமயத்தில் வீட்டில் இருக்கக் கூடாது, நம்பிக்கையான வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். டீன் ஏஜ் பிள்ளை இருக்கும் வீட்டில் பெட்டியின் ரகசிய எண் அந்தப் பிள்ளையின் பிறந்த தேதியாக இருக்கக் கூடாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

இப்போது முதல் துப்பாக்கி. எல்லோரும் 9 எம்எம்மில் ஆரம்பிக்க ஆசைப்படுவார்கள், நான் .22 என்பேன் (இந்த எண்களெல்லாம் குண்டின் விட்டம், புள்ளி வைத்தவை அங்குலக் கணக்கு), அவர்கள் முகம் வாடும். பொம்மைத் துப்பாக்கி என்று நினைப்பு. .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887லிருந்து இருக்கிறது, இந்தத் தோட்டாவைச் சுடும் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில்தான் விஜய் குமார் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். பொம்மையும் இல்லை, தொட்டால் வலிக்காத பொருளும் இல்லை, ஆளைக் கொல்லக்கூடியது. ஆனால் உதைப்பு மிகக் குறைவு, தோட்டா விலையும் மிகக் குறைவு, புதிதாகக் கற்கிறவருக்கு வேறென்ன வேண்டும்?

புதியவர்கள் குறி தவறுவதற்குப் பெரும்பாலும் கண் காரணம் இல்லை, பயம்தான் காரணம். இரண்டு மூன்று தடவை பெரிய தோட்டா சத்தமும் உதையும் கொடுத்ததும், அடுத்த தடவை ட்ரிகரை அழுத்தும்போதே உடம்பு அதை எதிர்பார்த்துக் கையைக் கீழே தள்ளிவிடும், குண்டு குறிக்குக் கீழே போய் விழும். கண் சிமிட்டிவிடும், சுடுகிறவருக்கே இது தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் நண்பரை விட்டு நிஜத் தோட்டாக்களுக்கு நடுவில் மருந்தே இல்லாத போலித் தோட்டா ஒன்றிரண்டைச் செருகச் சொல்லுங்கள், போலித் தோட்டா வரும்போது சத்தமே இல்லாமல் துப்பாக்கியின் மூக்கு குனிவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிக்கப் பல மாதம் ஆகும். .22ல் ஆரம்பித்தவர்களுக்கு அது அவ்வளவாக ஒட்டுவதில்லை.

என்னிடம் இருப்பது ரூகர் மார்க் 4. இந்த வரிசையின் முதல் பிஸ்டல் 1949ல் வந்தது, அன்றைய விலை 37 டாலர் 50 சென்ட். பில் ரூகர் வடிவமைத்தார், அலெக்சாண்டர் ஸ்டர்ம் பணம் போட்டார், கழுகுச் சின்னத்தை வரைந்ததும் ஸ்டர்ம்தான். 1951ல் ஸ்டர்ம் இளம் வயதில் இறந்ததும், அதுவரை சிவப்பாக இருந்த கழுகைத் துக்கத்துக்காகக் கறுப்பாக்கினார் ரூகர். சிவப்புக் கழுகு உள்ள பழைய பிஸ்டல்களுக்கு இன்றும் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். மூன்றாவது மாடல் வரை இந்தத் துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டுவதற்குள் மனுஷனுக்கு அழுகை வந்துவிடும், 2016ல் வந்த மார்க் 4ல் பின்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டாகப் பிரிந்து கையில் வந்துவிடுகிறது. பழசா புதுசா என்று கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே புதுசு.

.22க்கு ஒரு குறை உண்டு. தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் மருந்து நடுவில் தனிக் கிண்ணமாக இல்லாமல் தோட்டாவின் விளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும், சில இடத்தில் சரியாகப் பரவாமல் விட்டுப்போகும், அதனால் நடுவில் ஒன்று வெடிக்காமல் போவது சகஜம். அந்த மாதிரி நேரத்தில் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி அரை நிமிஷம் பொறுக்க வேண்டும், தாமதமாக வெடிக்கக்கூடும். பொறுமை பழகவும் இது நல்ல துப்பாக்கி.

கற்றுக்கொள்வது என்றால் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் தொகுத்த நாலு விதிகளில்தான் எந்தப் பயிற்சியாளரும் ஆரம்பிப்பார். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு ஏற்றியதுதான். அழிக்க மனமில்லாத எதன்மீதும் அதன் வாய் திரும்பக் கூடாது. குறி பார்த்து முடிக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த நாலில் ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும் என்று சொல்வார்கள், முதல் விதியைப் படிக்கும்போது "குண்டு இல்லையென்று நானே பார்த்தேனே" என்று வாதாடுகிறவர்தான் எனக்குப் பயமூட்டும் ஆள்.

இரண்டாவது, நடுத்தர அளவு 9 எம்எம். வீட்டுப் பாதுகாப்பு என்று ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால் அது இதுதான். இங்கே நான் ரசனையைப் பற்றிப் பேசவே மாட்டேன். க்ளாக் 19 அழகில்லை, செங்கல்லுக்குப் பிடி வைத்த மாதிரி இருக்கும், ஆனால் 1988ல் வந்ததிலிருந்து உலகம் முழுக்கப் போலீஸ்காரர்கள் அதைப் போட்டு அடித்துத் துவைத்துப் பார்த்துவிட்டார்கள். காஸ்டன் க்ளாக் என்ற ஆஸ்திரியர் அதற்கு முன் துப்பாக்கியே செய்தவர் இல்லை, திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர், 1982ல் ஆஸ்திரிய ராணுவம் அவருடைய பிளாஸ்டிக் சட்டகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டபோது பழைய கம்பெனிகள் வாயைப் பிளந்தன. க்ளாக் 19ல் 15 தோட்டா பிடிக்கும். க்ளாக் கைக்கு ஒத்துவரவில்லையா, செக் நாட்டின் சிஸெட், சிக், வால்தர், ஸ்மித் அண்ட் வெஸன் என்று வேறு இருக்கின்றன. முதலில் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள், யூட்யூபைப் பார்த்து வாங்காதீர்கள்.

ஏன் 9 எம்எம், ஏன் .45 இல்லை, ஏன் .40 இல்லை என்று ஒரு சண்டை முடியவே முடியாது. இதில் எஃப்பிஐ சுற்றிய சுற்றைத் தெரிந்துகொண்டால் போதும். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எட்டு ஏஜெண்டுகள் மடக்கினார்கள். சில நிமிஷச் சண்டையில் இரண்டு ஏஜெண்டுகள் இறந்தார்கள், ஐந்து பேர் காயம். சண்டையின் ஆரம்பத்திலேயே ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து மார்புக்குள் போன 9 எம்எம் குண்டு இதயத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் அதற்கப்புறமும் சுட்டுக்கொண்டே இருந்தான். பழி அந்தக் குண்டின்மேல் விழுந்தது. எஃப்பிஐ பெரிய 10 எம்எம்முக்குப் போனது, அது பல ஏஜெண்டுகளின் கைக்கு முரடாக இருந்ததால் அதைச் சுருக்கி 1990ல் .40 ஸ்மித் அண்ட் வெஸன் பிறந்தது, நாட்டிலிருந்த போலீஸ் துறைகளெல்லாம் அதன் பின்னால் ஓடின. கால் நூற்றாண்டு கழித்து எஃப்பிஐயே திரும்ப 9 எம்எம்முக்கு வந்துவிட்டது. அதற்குள் குண்டுகளின் வடிவமைப்பு தேறிவிட்டது, தவிர உதைப்பு குறைந்த தோட்டாவில் ஆட்கள் வேகமாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்று அவர்கள் சோதனையே சொன்னது. இதனால் நமக்கு ஒரு லாபம், போலீஸ் துறைகள் கழித்துவிட்ட நல்ல .40 துப்பாக்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. எனக்கு வேண்டாம், இன்னொரு தோட்டாவை வாங்கி அடுக்க என் வீட்டில் இடம் இல்லை.

அளவு விஷயத்தில் கடையில் ஏமாறுவது சுலபம். சின்னது கைக்கு அடக்கமாக இருக்கும், குறிப்பாகப் பெண்கள் வந்தால் கவுண்டரில் இருப்பவர் குட்டித் துப்பாக்கியைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். என் மனைவிக்கும் அப்படித்தான் காட்டினார், அவள் வாடகைக்கு எடுத்து ஒரு மேகசின் சுட்டுவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாள். எடை குறைந்தால் உதை கூடும், குழல் குட்டையானால் குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி குறைந்து, கையின் சின்ன நடுக்கம்கூடப் பெரிய தவறாகிவிடும். குட்டித் துப்பாக்கி தேர்ந்த கைக்கு. சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகிறவர்களுக்கு அது தேவைப்படலாம், டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து அதற்கு உரிமமும் கட்டாயமில்லை, ஆனால் நான் எடுத்துப்போவதில்லை, போகப் போவதுமில்லை, ஆகவே அந்த வகைக்கு என் நாலில் இடமில்லை. இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் போடலாம்.

மூன்றாவது ரிவால்வர். "இந்தக் காலத்தில் ரிவால்வரா?" என்பார்கள். ஸ்மித் அண்ட் வெஸன் 1899ல் கொண்டுவந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வர், பிற்பாடு மாடல் 10 என்று பெயர் மாறி, அறுபது லட்சத்துக்கும் மேல் செய்து விற்ற சரக்கு. ஆனால் நான் சொல்வது .357 மேக்னம், நாலு அங்குலக் குழல், எஃகுச் சட்டகம். என்னிடம் ரூகர் ஜிபி100 இருக்கிறது, எடை ஒரு கிலோவுக்கு மேல். .357 வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதே ரிவால்வரில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். இரண்டின் குண்டும் ஒரே விட்டம், 1935ல் .357ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தபோது குண்டைத் தாங்கும் அதன் கூட்டை மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் நீளமாக்கினார்கள், பலவீனமான பழைய .38 ரிவால்வருக்குள் யாரும் அதைத் தவறிப்போய்த் திணித்துவிடக் கூடாது என்று. அதனால் .38ஐ .357ல் போடலாம், மறுபக்கம் நடக்காது. மூடிய ரேஞ்சில் பக்கத்து வரிசையில் யாராவது முழு .357 சுட்டால் உங்கள் நெஞ்சு அதிரும், காதடைப்பானுக்குள் பஞ்சு மாதிரி அடைப்பானும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலுக்கு மேல், போன காது திரும்பாது.

ரிவால்வரின் நீளமான கனத்த ட்ரிகர்தான் அதை வாங்கச் சொல்ல எனக்கு முக்கியக் காரணம். பின்னாலிருக்கும் சுத்தியலான ஹேமரைக் கையால் இழுக்காமல் ட்ரிகரை மட்டும் அழுத்திச் சுட்டால் பத்து பவுண்டுக்கு மேல் இழுவை இருக்கும், அவ்வளவு நீளத்துக்கும் சைட் அசையாமல் இருக்க வேண்டும். இதில் சுடப் பழகிய விரல் வேறு எந்தத் துப்பாக்கியிலும் சுடும். வயதானவர்களுக்கும் இது வசதி, பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்கக் கையில் வலு இல்லாதவர்கள் நிறைய, ஆனால் அவர்களுக்கே அந்தக் கனத்த ட்ரிகர் கஷ்டமாகவும் இருக்கலாம், சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊரில் இன்றும் உரிமத்தில் கிடைப்பது பெரும்பாலும் கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் மாதிரிதான், 9 எம்எம் அங்கே சாதாரண மக்களுக்குத் தடை.

மூன்றுக்கும் வேலை சொல்லிவிட்டேன். நாலாவதுக்கு வேலை எதுவும் கிடையாது, அது 1911 என்றே பெயர் கொண்ட பிஸ்டல். ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த .45. பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு நடந்த சண்டைகளில் தங்கள் .38 ரிவால்வர் போதவில்லை என்று அமெரிக்க ராணுவம் குறைப்பட்டு, பெரிய தோட்டா தேடிப் பல வருஷம் சோதனை நடத்தியது. கடைசிச் சோதனையில் பிரௌனிங்கின் பிஸ்டல் 6,000 தோட்டா சுட்டும் ஒருமுறைகூட மக்கர் செய்யவில்லை, சூடேறினால் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார்களாம். 1911 மார்ச் 29 அன்று ராணுவம் ஏற்றுக்கொண்டது, 1985ல் பெரெட்டா வரும்வரை அதுதான் அதிகாரபூர்வக் கைத்துப்பாக்கி.

அதே 1911ல், ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டலால்தான். பிரௌனிங் தன் வடிவங்களில் சிலவற்றை அமெரிக்காவில் கோல்ட் கம்பெனிக்கும் சிலவற்றை பெல்ஜியத்தின் எஃப்என் ஆலைக்கும் கொடுத்திருந்தார். யூட்டாவின் ஆக்டென் என்ற ஊரில் துப்பாக்கி ரிப்பேர் செய்கிற அப்பாவின் பட்டறையில் வளர்ந்த ஒருவர் வரைந்த பொருள், பெல்ஜியத்தில் வார்க்கப்பட்டு, புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிய செங்கோட்டை இளைஞனின் கைக்கு வந்திருக்கிறது. மூன்று வருஷம் கழித்து சராயெவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் எஃப்என் பிரௌனிங். பிரௌனிங் பாவம், 1926ல் லியேஜில் எஃப்என் ஆலையிலேயே, மகனின் வேலை மேஜை அருகில் மாரடைப்பில் விழுந்து இறந்தார். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு 1911ஐக் கையில் எடுத்தால் உதைப்புகூட வேறு மாதிரி தெரிகிறது. சும்மா சொல்லவில்லை, அந்த மெல்லிய ட்ரிகர், பக்கவாட்டில் சாயாமல் நேராகப் பின்னால் வருவது, நூறு வருஷத்தில் இதைவிட நல்ல ட்ரிகர் சாதாரண விலையில் அதிகம் வரவில்லை.

7 தோட்டாதான் பிடிக்கும், எடை அதிகம், பராமரிப்பு அதிகம். ஹூஸ்டன் ஈரத்தில் நீலம் பூசிய எஃகு விரல் வியர்வை பட்ட இடத்திலேயே துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்க வேண்டும், தோல் உறையில் வைத்துப் பூட்டவே கூடாது. நிஜமான பழைய ராணுவ 1911 வேண்டுமென்றால் சிஎம்பி என்ற அமைப்பு சில வருஷங்களாகக் குலுக்கல் முறையில் விற்கிறது, என்னுடையது அப்படிப்பட்ட பரம்பரைச் சொத்து இல்லை, புதிதாகச் செய்த நகல்தான். உங்கள் ஆசை வேறாக இருக்கலாம், 1873 கோல்ட் மாதிரி கௌபாய் ரிவால்வர், லூகர், வால்தர் பிபிகே, எதுவானாலும் சரி. ஆசைக்கு ஒன்று என்று விட்டுவிட வேண்டும். அந்த ஜன்னலை மூடினால் ஆசை மற்ற மூன்றின் வேஷம் போட்டுக்கொண்டு வரும், "இதுவும் வீட்டுப் பாதுகாப்புக்குத்தான்" என்று.

விட்டவற்றைப் பற்றிச் சுருக்கமாக. .44 மேக்னம், டெசர்ட் ஈகிள் இரண்டையும் வாடகைக்கு எடுத்து ஒருமுறை சுட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, வந்துவிடுங்கள். .380 தோட்டா சுடும் குட்டித் துப்பாக்கிகளுக்கும் மேலே குட்டிகளைப் பற்றிச் சொன்னதுதான். ஒரே மாடலில் மூன்று நிறம் வாங்குகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செலவு எப்படி? க்ளாக்குக்கு ஐந்நூறு, அறுநூறு டாலர், ரூகர் .22க்கு அதையொட்டி, ரிவால்வருக்கு இன்னும் சில நூறு கூடுதல், 1911க்கு உச்சவரம்பே கிடையாது. கைத்துப்பாக்கியின் விலைக்குள் 10 சதவீத மத்திய ஆயத்தீர்வை ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது, அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் ரேஞ்சுகளுக்கும் போகிறது, வேட்டைக்கே போகாத சைவ ஆள் நான், டெக்ஸாஸ் மான்களுக்கு என்னாலான சந்தா. ஆனால் உண்மையான செலவு துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில். .22 ஒரு தடவை சுடுகிற காசு 9 எம்எம்மில் பாதிகூட ஆகாது, .45 அதைவிட அதிகம், .357 அதற்கும் மேல். 2020, 2021ல் தட்டுப்பாடு வந்தபோது 9 எம்எம் விலை எகிறி, கடைத் தட்டுகள் காலியாகக் கிடந்தன. அப்போது நாலு விதத் தோட்டாவைத் தேடி அலைந்தவர்களுக்கும் பத்து விதத்தைத் தேடி அலைந்தவர்களுக்கும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஐந்தாவது வாங்கக் கை அரிக்கும்போது நான் அந்தப் பணத்தை ஒரு நாள் பயிற்சி வகுப்பில் கட்டிவிடுவேன். அதையும் மீறி வாங்கியே தீர வேண்டுமென்றால், ஒன்று உள்ளே வர ஒன்று வெளியே போக வேண்டும், விற்பதும் உரிமம் உள்ள கடை வழியாகத்தான். தனியாருக்கு நேரடியாக விற்க டெக்ஸாஸில் சட்டம் இடம் கொடுக்கிறது, முகம் தெரியாதவர் கையில் கொடுக்க என் மனம்தான் இடம் கொடுக்கவில்லை.

ரேஞ்சிலிருந்து வந்ததும் கையை சோப்பு போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள், பிரைமர் புகையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது, அந்தச் சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

அப்புறம், ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்க விமான நிலையங்களின் சோதனைச் சாவடியில் 2023ல் மட்டும் 6,737 துப்பாக்கி பிடிபட்டன, பெரும்பாலானவை குண்டு ஏற்றியவை, கேட்டால் "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பார்கள். துப்பாக்கியையே மறக்க முடிகிறது என்றால் ஒரு தோட்டா எம்மாத்திரம்? ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையின் ஓர மடிப்பில் ஒரே ஒரு .22 உருண்டு கிடந்து, அது இங்கே கண்ணில் படாமல் தப்பி, இந்தியாவில் விமானம் ஏறும்போது ஸ்கேனரில் தெரிந்தால், உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருந்ததாக ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவார்கள். தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972லேயே சொல்லியிருக்கிறது, உயர் நீதிமன்றங்கள் இந்த மாதிரி வழக்குகளை ரத்து செய்தும் இருக்கின்றன, ஆனால் அந்த ரத்து கைக்கு வருவதற்குள் உங்கள் லீவு முடிந்திருக்கும், டிக்கெட் போயிருக்கும், வக்கீலுக்குக் கொடுத்த காசில் இன்னொரு 1911 வாங்கியிருக்கலாம். ரேஞ்சுக்கு என்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள், அதில் துணி அடுக்காதீர்கள். ஏற்கெனவே அடுக்கிய பை என்றால், விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் எல்லா ஜிப்பையும் திறந்து, தலைகீழாகக் கவிழ்த்து, நன்றாக உதறிப் பாருங்கள்.